தொண்ணூற்றேழு முதல் நூற்றிருபது வரை

இராஜபாளையம்
14.7.1991

கர்த்தருக்குள் அன்பான நாத்தனார் கிருபாபாய்க்கு மதினி பரிபூரணம் எழுதுவது. நானும் உன் அண்ணனும் சுகம். அண்ணனுக்குச் சர்க்கரை மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. உன் சுகத்துக்கு எழுதவும்.

இரண்டு வருஷம் கழித்து இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனால் எங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். உன் வாசலுக்கு வர எனக்கும் கால் எழவில்லை. தபால்காரருக்கு ரோஷம் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

நீ வேலையை விட்டபோது நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்புக்கு நாற்பது சீட். போன வருஷம் அறுபது. இந்த வருஷம் துறைத் தலைவி என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நிர்வாகம் நூற்றிருபது பேரைச் சேர்த்துவிட்டது. பையன்கள் தொண்ணூற்றாறு, பெண்கள் இருபத்துநாலு. பஞ்சு வியாபாரி மகனும் வருகிறான், செட்டியார்பட்டியில் தறி ஓட்டுகிறவர் மகளும் வருகிறாள். மெஷின் மட்டும் நீ இருந்தபோது இருந்த அதே எட்டுதான். சீனியர் பிள்ளைகளை ஒரு மில் ஆபீஸ் மெஷினுக்கு அனுப்பி ஒருவிதமாய்ச் சமாளித்துவிட்டேன். முதல் வருஷத்துக்கு வழியில்லை. போன வாரம் நாற்காலிக்குச் சண்டை போட்டு ஒருவன் கீபோர்டையே இழுத்துக் கீழே தள்ளிவிட்டான். ப்ளாப்பி பெட்டி மேல் ஒருவன் ஏறி நிற்கிறான். நான் கத்தினால் பின்வரிசைக்குக் கேட்பதில்லை.

நூற்றிருபது பேருக்கு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடு. உன்னால்தான் முடியும் என்று உன் அண்ணனும் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
மதினி பரிபூரணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.7.1991

மதிப்புக்குரிய மதினிக்கு கிருபாபாய் எழுதுவது. நான் சுகம். என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் பதினாறு மெஷினும் சுகம். அண்ணனைக் காப்பியில் சீனி போடாமல் குடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சுகமா என்று கேட்பது கடித மரியாதை, அதனால் கேட்டுவிட்டேன்.

உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. 1989-இல் ஒரு மெஷினுக்கு மூன்று பேர் என்று முறை வகுத்தது யார்? ஒருவர் அடிக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் பிழை குறிக்க, அரை மணிக்கு ஒரு தடவை மணி அடித்ததும் இடம் மாற வேண்டும் என்று பதினாலு பக்கம் எழுதினேன். வீட்டு மனுஷி ஆயிற்றே என்று உங்களிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஆண்டு விழாவில் 'திருமதி பரிபூரணம் வகுத்த மூவர் முறை' என்று கல்லூரிச் செயலாளர் வாசித்தார். உங்கள் தோளில் சால்வை விழுந்தது. அடுத்த மாதம் தலைவி நாற்காலியும் வந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அடுப்படியில் நின்றபடியே நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏட்டி, ஒரு வீட்டுக்குள்ள என்ன உன்னுது என்னுது? யார் பேர்ல வந்தா என்ன?" அண்ணன் செய்தித்தாளை விட்டுத் தலை தூக்கவில்லை.

என் முறையைக் களவாண்டு வாங்கிய நாற்காலி இப்போது ஆடுகிறது என்றால் ஆடட்டும். அட்டவணை கிடையாது.

இப்படிக்கு,
கிருபாபாய்

இராஜபாளையம்
27.7.1991

அன்பான கிருபாவுக்கு, இங்கு சுகம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

நடந்ததை நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு ஈடாக ஒன்று செய்கிறேன். நவம்பர் 25-ஆம் தேதி பல்கலைக்கழக ஆய்வுக் குழு வருகிறது. துறையைத் தொடர்ந்து நடத்த அனுமதி கிடைக்குமா என்பது அன்றைக்குத்தான் தெரியும். அது நல்லபடியாய் முடிந்தால் ஜனவரியில் உன்னைத் திரும்ப லெக்சரராய் எடுக்கச் செயலாளரிடம் பேசிவிட்டேன். உன் பெயர் எழுதிய தாள் அவர் மேஜையில் இருக்கிறது. டைப்ரைட்டரைத் தட்டியே உன் எம்.எஸ்ஸி வீணாகப் போக வேண்டுமா?

அட்டவணை ஆகஸ்ட் பத்துக்குள் வேண்டும். பதில் எதிர்பார்த்து,
பரிபூரணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
7.8.1991

அன்புள்ள மதினிக்கு, கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் சுகத்தையும் அண்ணன் சுகத்தையும் விரும்புகிறேன்.

குடும்பத்துக்குள் எத்தனை நாள்தான் முறைத்துக்கொண்டு திரிவது? அட்டவணை இத்துடன் இருக்கிறது. டைப் அடித்து அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஒரு மெஷினுக்கு மூன்று பேர், எட்டு மெஷினுக்கு இருபத்துநாலு பேர். அப்படி ஐந்து பேட்ச். முதல் பேட்ச் காலை ஒன்பது மணிக்கு, இரண்டாவது பத்தே முக்காலுக்கு, மூன்றாவது மதியம் ஒரு மணிக்கு, நாலாவது இரண்டே முக்காலுக்கு, ஐந்தாவது நாலே முக்காலுக்கு. ஒவ்வொரு பேட்சுக்கும் ஒன்றரை மணி நேரம். நடுவில் பழையபடி மணி அடித்து இடம் மாறட்டும். மற்றத் துறைக்காரர்கள் வகுப்பெல்லாம் இதற்கேற்ப அடங்கிவிடும், சரிபார்த்துவிட்டேன். வருஷம் முழுக்க யாரும் பேட்ச் மாறக் கூடாது. மாறினால் எல்லாம் கலைந்துவிடும்.

பேட்ச் பிரிக்கும்போது சிபாரிசு, சண்டை எதுவும் வராமல் இருக்க ரோல் நம்பர் வரிசைப்படி பிரியுங்கள். அதுதான் யாரும் குறை சொல்ல முடியாத வழி.

என்றும் அன்புள்ள,
கிருபாபாய்

இராஜபாளையம்
1.9.1991

அன்பான கிருபாவுக்கு, யாவரும் சுகம். அண்ணன் சீனியை விட்டுவிட்டார்கள், கருப்பட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். சர்க்கரை எங்கே இறங்கும்?

அட்டவணை அற்புதம். மூன்று வாரமாய் லேபில் சத்தமே இல்லை. மணி அடித்தால் பிள்ளைகள் ஒருவர் எழ ஒருவர் உட்காருகிறார்கள். செயலாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லியேம்மா, நூத்தி எம்பது பேருகூடச் சேக்கலாம் போலயே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் சிரித்து வைத்தேன். உன் வேலை விஷயம் நினைவில் இருக்கிறது.

இப்படிக்கு,
பரிபூரணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
16.9.1991

அன்புள்ள மதினிக்கு, சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். லேப் ஒழுங்காய் நடப்பது மகிழ்ச்சி. ஐந்தாம் பேட்ச் எப்படிப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லையே? பிள்ளைகள் ஒழுங்காய் வருகிறார்களா? யாராவது உங்களிடம் வந்து ஏதாவது சொன்னார்களா? ஒரு வரி எழுதுங்கள்.

கிருபாபாய்

இராஜபாளையம்
24.9.1991

அன்பான கிருபாவுக்கு, கர்த்தருடைய கிருபையால் சுகம். எல்லாம் நல்லபடியாய் நடக்கிறது. அடுத்த மாதம் சபையில் அசனப் பண்டிகை. இந்தத் தடவை பதினைந்து மூட்டை அரிசி, வெங்காயம் உரிக்க மட்டும் நாற்பது பெண்கள். சாம்பாருக்கு முருங்கைக்காய் போடுவதா கத்தரிக்காய் போடுவதா என்று மூப்பர்களுக்குள் சண்டை. உன் அண்ணன் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். நீ வந்தால் அண்ணன் சந்தோஷப்படுவார்கள்.

பரிபூரணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
15.10.1991

மதினிக்கு, நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் இனிமேல் சுகமாக இருப்பீர்களா என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தால் தெரியும்.

அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்று எழுதினீர்கள். ஐந்தாம் பேட்ச் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

கல்லூரிப் பதிவேட்டில் பையன்கள் பெயரை எழுதி முடித்த பிறகுதான் பெண்கள் பெயர் எழுதுவார்கள். எந்தக் காலத்திலோ யாரோ ஆரம்பித்த வழக்கம், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. ஆகவே ஒன்று முதல் தொண்ணூற்றாறு வரை பையன்கள், தொண்ணூற்றேழு முதல் நூற்றிருபது வரை பெண்கள். ரோல் நம்பர் வரிசைப்படி பிரித்தால் ஐந்தாம் பேட்ச் முழுக்கப் பெண்கள். அவர்கள் மெஷின் முன்னால் உட்கார வேண்டியது நாலே முக்காலுக்கு. கல்லூரிப் பஸ் கிளம்புவது நாலரைக்கு. ஆறே காலுக்கு வகுப்பு முடிந்து, ரோட்டில் நின்று டவுன் பஸ் பிடித்து வரச் சொன்னால் செட்டியார்பட்டியில் எந்தத் தகப்பன் விடுவான்? ஒருத்தியும் லேபுக்கு வந்திருக்க மாட்டாள். உங்கள் லேபில் தினமும் சாயங்காலம் எட்டு மெஷினும் இருபத்துநாலு காலி நாற்காலியும்தான் இருக்கும்.

'கடைசி பேட்சில் ஹாஸ்டல் பையன்களைப் போடவும்.' நான் எழுதியிருக்க வேண்டியது இந்த ஒரே வரிதான். அந்த வரியைத் தெரிந்தே விட்டேன்.

இன்னும் கொஞ்ச நாளில் இருபத்துநாலு தகப்பன்மாரும் உங்கள் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். ஆய்வுக் குழு பதிவேட்டைப் புரட்டும். அப்போது மூவர் முறையை வகுத்த மகராசி என்ன பதில் சொல்கிறீர்கள் என்று பார்க்கத்தான் இரண்டு வருஷமாய்க் காத்திருந்தேன். சரிசெய்ய வழி எனக்குத் தெரியும். நீங்களே வந்து, எல்லார் முன்னாலும், 'இது கிருபாபாய் முறை' என்று சொல்லிக் கேட்டால் சொல்லித் தருகிறேன்.

கிருபாபாய்

இராஜபாளையம்
7.11.1991

கிருபாவுக்கு, இங்கு யாவரும் சுகம். நான் மிகவும் சுகம்.

மூன்று வாரம் பதில் எழுதவில்லை என்றதும் மதினி பயந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். நாலாம் தேதி வரை பொறுத்திருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டியாயிற்று. முதல் டேர்மில் லேபுக்கு முக்கால் பங்கு நாளாவது வந்திருந்தால்தான் ஏப்ரல் பரீட்சை எழுதலாம் என்பது விதி. ரோல் நம்பர் தொண்ணூற்றேழு முதல் நூற்றிருபது வரை பரீட்சை எழுத முடியாது.

உன் அட்டவணை வந்த அன்று கவரைப் பிரித்து ஐந்து நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் தபாலில் படித்தவள்தான். ஆனாலும் ஐந்தாவது இருபத்துநாலு யார் என்று எண்ணிப் பார்க்கத் தெரியும்.

நான் உனக்கு எழுதாத ஒன்று உண்டு. ஜூன் மாதமே பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. முதல் வருஷத்தில் ஒரு மெஷினுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் அனுமதி நீடிக்காது. எட்டுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு. இரண்டே இரண்டு மெஷின் வாங்கித் தாருங்கள் என்று செயலாளரிடம் நடையாய் நடந்தேன். "சேத்தாச்சும்மா, இனி சமாளிக்கிறது ஒங்க பாடு" என்று சொல்லிவிட்டார். இருபத்துநாலு பேரைக் குறைக்க வேண்டும். யாரைக் குறைப்பது, என்ன சொல்லிக் குறைப்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது நீ பட்டியலே போட்டு அனுப்பிவிட்டாய். நான் உன்னிடம் கேட்டது அட்டவணை, நீ கொடுத்தது அதைவிடப் பெரிய உபகாரம்.

தகப்பன்மார் வந்து சுற்றி நிற்பார்கள் என்று எழுதியிருந்தாய். ஒருவரும் வரவில்லை. பெண்ணை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும் மூன்று தடவை மனு எழுதிக் கொடுத்தாள். அட்டவணையை நான் போடவில்லை என்று உண்மையைத்தான் சொன்னேன். நாளைக்கு யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட அடியில் உன் கையெழுத்து இருக்கிறது.

கெடுவான் கேடு நினைப்பான் என்று உன் அம்மா அடிக்கடி சொல்வார்கள். அந்த அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் கஞ்சி ஊட்டியது நான், மூத்திரத் துணி அலசியது நான். அதற்கு நடுவில்தான் தபாலில் எம்.எஸ்ஸி படித்தேன். நீ மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படித்துவிட்டு வந்து, ஸ்டாப் ரூமில் பிள்ளைகள் நிற்கும்போதே, "தபால் பட்டத்துக்கு இதெல்லாம் எங்க மதினி எட்டும்?" என்று சிரித்தாய். அது நடந்தது 1988-இல். உன் பதினாலு பக்கத்தை நான் எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

பரிபூரணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
13.11.1991

மதினிக்கு, நான் சுகமாக இல்லை.

ஸ்டாப் ரூமில் நான் சொன்னது உண்மை. அன்றைக்கே மறந்தும் போனேன். நீங்கள் மறக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அதற்காக உங்களை விடப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை இன்ஸ்டிட்யூட்டுக்குத் தாயும் மகளுமாய் இரண்டு பேர் வந்தார்கள். தாய் பெயர் பாலம்மாள், செட்டியார்பட்டியில் தறிக்கு நூல் சுற்றுகிறவர். "லோயர் பரீட்சைக்கு மட்டும் அடிச்சுப் பழகட்டும்மா. ஏதாச்சும் வக்கீல் ஆபீசுல சேத்துவிட்டாப் போதும். காலேசு வேண்டாம்னு அவிய சொல்லிட்டாவ" என்றார். மகள் வேலுத்தாய். நீங்கள் எழுதிய மூன்று மனுக்காரி அவள்தான்.

அந்தப் பெண் அழவில்லை. "அட்டவணை போட்டவங்ககிட்டப் போய்க் கேளுன்னு எச்.ஓ.டி மேடம் சொன்னாவ டீச்சர். யார் போட்டாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காவ. ஒங்களுக்குத் தெரியுமா, நீங்க முன்னால அங்க இருந்தவிய தானே?" என்றாள். சேர்க்கைப் படிவத்தை மேஜையில் வைத்தேன். பிறகு நான்தான் போட்டேன் என்று சொன்னேன். அந்த வரியை விட்டதையும் சொன்னேன். "எதுக்கு டீச்சர்?" என்று கேட்டாள். மதினியைப் பழிவாங்க என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? உங்களுக்கு மூட்டி வைத்த தீயில் உங்கள் சேலை நுனிகூடக் கருகவில்லை. நீங்கள் குளிர்காய்ந்திருக்கிறீர்கள். எரிந்தது அவர்கள்.

நாம் இரண்டு பேரும் மனுஷர்கள் மாதிரி முகம் பார்த்துப் பேசியிருந்தால் இதற்கெல்லாம் சாட்சியே இருக்காது. ரோஷம் பிடித்து ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் கடிதம் ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை. என் கடிதங்களுக்குக் கார்பன் நகல் இருக்கிறது. பதினாலு பக்கத்தை நகல் இல்லாமல் பறிகொடுத்த பிறகு கார்பன் வைக்காமல் நான் ஒரு வரி அடிப்பதில்லை.

22-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பட்டியலைக் கிழிக்க வேண்டும். கிழிக்காவிட்டால் 25-ஆம் தேதி எல்லாக் கடிதத்தையும் ஆய்வுக் குழு கையில் கொடுப்பேன்.

கிருபாபாய்

இராஜபாளையம்
17.11.1991

கிருபாவுக்கு, சுகம். உனக்குக் கார்டு போதும்.

கொண்டு போய்க் கொடு. ஒவ்வொரு தாளிலும் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரும் இருக்கிறது. நான் விழுந்தால் ஜனவரியில் உனக்கு வேலை கொடுக்க யார் இருப்பார்கள்? மூளை உள்ளவள் யோசிப்பாய் என்று நினைக்கிறேன். பட்டியல் ஒட்டின இடத்திலேயே இருக்கும்.

பரிபூரணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
27.11.1991

மதினிக்கு, கிருபாபாய் எழுதுவது. அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? நேற்று முன்தினம் நடந்தது அவர் காதுக்கு வந்திருக்கும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவரை நினைத்தால் மட்டும் எனக்கு வருத்தம்.

நீங்கள் அந்த அறையில்தான் இருந்தீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். இதுவும் தாளில் இருக்கட்டும். குழுவுக்குத் தலைமையாய் வந்திருந்த அந்த அம்மாள் பதினொரு கடிதத்தையும் மேஜையில் தேதி வரிசையாய் அடுக்கினார். "அவங்கவங்க எழுதுனத அவங்கவங்களே வாசிங்க" என்றார். நீங்கள் ஒன்று, நான் ஒன்று என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழுந்து நின்று வாசித்தோம். பிரின்சிபால் கேட்டுக்கொண்டிருந்தார், செயலாளர் கேட்டுக்கொண்டிருந்தார், கதவுக்கு வெளியே பியூன் முதற்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மெஷின் கேட்டு நடந்ததை நீங்கள் வாசித்தபோது செயலாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். 'எட்டுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு' என்ற இடத்தை இரண்டு தடவை தப்பாக வாசித்துத் திருத்தினீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாய் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷமாய் நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. அடுத்தது என் முறை. 'எதுக்கு டீச்சர்?' என்று அந்தப் பெண் கேட்ட இடத்தை முணுமுணுத்துக் கடக்கப் பார்த்தேன். அந்த அம்மாள் விடவில்லை. "சத்தமா வாசிங்க" என்றார். வாசித்தேன்.

பட்டியலைப் பிரின்சிபாலே கிழித்தார். ஒரு மாதத்துக்குள் இரண்டு மெஷின் வாங்க வேண்டும், ஐந்தாம் பேட்சில் ஹாஸ்டல் பையன்கள் உட்கார வேண்டும், பெண்களுக்கு விட்டுப்போன லேப் நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டிப் பரீட்சை எழுதவிட வேண்டும் என்று உத்தரவு. நாற்காலி உங்களிடம் இல்லை. என் பெயரையும் அந்த அம்மாள் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். இனி எந்தக் கல்லூரியிலும் எனக்கு வேலை கிடையாது. மூவர் முறை யாருடையது என்பது கடிதத்தில் வாசித்ததோடு போயிற்று, அந்த அறையில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கு மேல் நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

இனி நீங்கள் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

கிருபாபாய்

செட்டியார்பட்டி
10.12.1991

ஸ்ரீவில்லிபுத்தூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் கிருபாபாய் டீச்சருக்கு, ரோல் நம்பர் 119 வேலுத்தாய் எழுதுவது.

நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் விசாரிக்கவில்லை.

நீங்கள் எங்கள் இருபத்துநாலு பேருக்கும் தனித்தனியாய் எழுதியது கிடைத்தது. செய்தது தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை விட்டுப்போன மூன்று மாதப் பாடத்தையும் நடத்துவதாகவும், பீஸ் வேண்டாம் என்றும், இருட்டுவதற்குள் நீங்களே பஸ் ஏற்றிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை லேபில் எங்களை மெஷின் முன்னால் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பாடம் நடத்த ஆள் இல்லை. கூடிப் பேசினோம். பாதிப் பேர் உங்களிடம் வரக் கூடாது என்றார்கள். பரீட்சை ஏப்ரலில் வருகிறது, எங்களுக்கு வேறு யார் சொல்லித் தருவார்கள் என்று நான்தான் கேட்டேன். எங்கள் அப்பாவிடம் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து சம்மதம் வாங்கியிருக்கிறேன். மற்ற வீடுகளில் அம்மா போய்ப் பேசினாள்.

இருபத்துமூன்று பேர் வருவோம். ரோல் நம்பர் 97 அங்காளம்மாள் வரமாட்டாள். எங்களில் கணக்கில் முதல் அவள்தான். பட்டியல் ஒட்டிய அடுத்த வாரமே அவள் வீட்டில் பரிசம் போட்டுவிட்டார்கள். தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளைக்குச் சிவகாசியில் வேலை. பட்டியலைக் கிழித்தாயிற்று என்று சொல்ல நானே அவள் வீட்டுக்குப் போனேன். "இப்பக் கிழிச்சு என்னட்டி? இங்க பத்திரிகை அடிச்சு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு எனக்கும் ஒன்று கொடுத்தாள். உங்களுக்கும் பரிபூரணம் மேடத்துக்கும் கொடுக்கச் சொல்லி இரண்டு தந்தாள். அவள் கோபத்தில் தரவில்லை, டீச்சர்மார் என்று நினைத்து மரியாதைக்குத்தான் தந்தாள். உங்களுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

நீங்கள் படித்ததெல்லாம் எங்களுக்கு வேண்டும். அதற்காக மட்டும் வருகிறோம். டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்வது வழக்கம். நாங்கள் எழுந்திருக்க மாட்டோம், வணக்கமும் சொல்ல மாட்டோம். வெளியில் எங்கே பார்த்தாலும் சொல்ல மாட்டோம். இது இருபத்துமூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. இதற்குச் சம்மதம் என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
வே­லுத்தாய்